ஆகாயத்தில் விருந்தோம்பிய டாட்டா

பூந்தமல்லியில் மாலை நேரத்தில் மொட்டை மாடியில் நின்றால், மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் தெரியும். ஒரு காலத்தில் அதைப் பார்ப்பதே பெரிய வேடிக்கை. இப்போது அப்படி இல்லை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும், மகனையோ மகளையோ வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடு ஒன்று இருக்கும். பேரன் பிறந்தால் பாட்டி விமானம் ஏறுகிறாள்.

பாட்டி திரும்பி வந்ததும் மகன் கைபேசியை எடுத்துப் பார்க்கிறான். அம்மாவின் கணக்கில் இத்தனை பாயிண்ட் ஏறியிருக்கிறது என்கிறான். பாயிண்ட் என்றால் என்ன? ஒரே விமானக் கம்பெனியில் திரும்பத் திரும்பப் பிரயாணம் செய்தால், அந்தக் கம்பெனி நம் பேரில் எழுதி வைக்கும் புள்ளிக் கணக்கு. போதுமான அளவு சேர்ந்தால் இலவச டிக்கெட் வாங்கலாம். சாதாரண வகுப்பிலிருந்து உயர்ந்த வகுப்புக்கு மாறலாம். கெடு தாண்டினால் புள்ளி போயே போய்விடும்.

பிரயாணி நம்மை விட்டு வேறு கம்பெனிக்குப் போகக்கூடாது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு எல்லாம்.

இந்தப் புள்ளிக் கணக்கு எதுவும் இல்லாத காலத்தில், பிரயாணியைத் திரும்ப வரவழைப்பது எப்படி என்று ஒருவர் யோசித்தார். அதற்காக அவர் டீயின் நிறத்தைப் பார்த்தார். நாற்காலி எவ்வளவு தூரம் சாய்கிறது என்று பார்த்தார். கக்கூசுக்குள் நுழைந்து காகிதச் சுருள் சரியாக மாட்டியிருக்கிறதா என்று கூடப் பார்த்தார். அவர் சாதாரண ஆள் அல்ல. இந்தியாவின் மிகப் பெரிய தொழில் குடும்பத்தின் தலைவர். பெயர், ஜே.ஆர்.டி. டாட்டா.

கடற்கரையில் இறங்கிய விமானம்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா பிறந்தது பம்பாயில் அல்ல. பாரிஸ் நகரில், 1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி. தகப்பனார் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா, ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலைக்கு வித்திட்ட ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் நெருங்கிய உறவினர். தாயார் சூசான் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி.

கோடைக் காலத்தில் குடும்பம் பிரான்சின் வட கடற்கரையில் உள்ள ஆர்தெலோ என்ற ஊருக்குப் போய்த் தங்கும். பக்கத்தில் இருந்தவர் யார் தெரியுமா? லூயி பிளேரியோ. 1909-ல் இங்கிலீஷ் கால்வாயை முதன் முதலில் விமானத்தில் தாண்டிய வீரர்! அவருடைய விமானி கடற்கரை மணலில் விமானத்தை இறக்குவார். சிறுவன் ஜஹாங்கீர் வாய் பிளந்து நிற்பான். 15-வது வயதில் காசு கொடுத்து ஒரு விமானத்தில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அன்று பிடித்த ஆசை கடைசி வரை விடவில்லை.

1923-ல் தாயார் இறந்தார். 1925-ல் டாட்டா கம்பெனியில் சம்பளம் இல்லாத தொழில் பழகுநராகச் சேர்ந்தார். மறு வருஷமே தகப்பனாரும் போய்விட்டார். 22 வயதில் குடும்பப் பாரம் தலைமேல் விழுந்தது.

பம்பாயில் விமானம் ஓட்டப் பழகும் சங்கம் தொடங்கியதும் முதல் ஆட்களில் ஒருவராக ஓடினார். 1929-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி அவருக்கு விமானி உரிமச் சீட்டு கிடைத்தது. இந்தியாவில் கொடுக்கப்பட்ட அந்தச் சீட்டின் எண் 1.

எதிரிக்குக் கொடுத்த உதவி

1930-ல் ஆகாகான் ஒரு போட்டி வைத்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டி வரும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. டாட்டா கராச்சியிலிருந்து லண்டனை நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி என்ஜினீயர் என்ற பார்ஸி வாலிபர் எதிர்த் திசையில் லண்டனிலிருந்து கிளம்பினார்.

எகிப்து நாட்டில் அபூகிர் என்ற இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். ஆஸ்பியின் விமானம் நின்று கிடந்தது. அவருக்கு வேண்டியது ஒரு ஸ்பார்க் பிளக். டாட்டாவிடம் உபரி இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டார்! சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி ஜெயித்தார். டாட்டா தோற்றார். அந்த ஆஸ்பி பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதி ஆனார்.

பெல்லாரி வழியாக மதராசுக்கு

விமானத் தொழில் நடத்தலாம் என்று டாட்டாவிடம் யோசனை சொன்னவர் நெவில் வின்சென்ட். பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். நல்ல உடற்கட்டு, அதைவிட நல்ல துணிச்சல். லண்டனிலிருந்து வரும் ஆகாயத் தபால் கராச்சியோடு நின்றுவிடுகிறது; அங்கிருந்து ரயிலில்தான் வருகிறது; அதை நாம் விமானத்தில் பம்பாய்க்கும் மதராசுக்கும் கொண்டு போகலாம் என்பது அவர் திட்டம். போட்ட முதல் 2 லட்ச ரூபாய். சர்க்கார் மானியம் ஒரு காசு கிடையாது. சுமந்த தபாலின் எடைக்குத்தான் பணம்.

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி காலையில் கராச்சியிலிருந்து சிறிய விமானம் ஒன்று கிளம்பியது. ‘பஸ் மாத்’ என்பது அதன் பெயர். ஒரே என்ஜின். ஓட்டியவர் டாட்டாவேதான். வழியில் ஆமதாபாத்தில் இறங்கினார். பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? தகர டின்களில், மாட்டு வண்டியில்! பிற்பகல் 2 மணிக்குள் பம்பாய் ஜுகு மைதானத்தில் இறங்கிவிட்டார்.

மதராஸ் தபாலை அங்கிருந்து வேறொரு விமானத்தில் எடுத்துக்கொண்டு வின்சென்ட் புறப்பட்டார். இரவு பெல்லாரியில் தங்கல். மறுநாள் மதராஸ். தேசப் படத்தில் பெல்லாரியிலிருந்து மதராசுக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு ஆவடிப் பக்கமாகத்தான் வருகிறது. அன்றைக்கு இந்தப் பக்கத்து வயல்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் யாராவது தலை நிமிர்ந்து பார்த்திருந்தால், இந்தியாவின் முதல் ஆகாயத் தபால் கம்பெனியைப் பார்த்தவர்கள் ஆவார்கள்.

ரேடியோ கிடையாது. வழி காட்டும் கருவி கிடையாது. ஜுகு மைதானம் மழைக் காலத்தில் சேறாகிவிடும். அப்போது பூனாவுக்கு இடம் மாற்றிக்கொள்வார்கள். ஆனாலும் தபால் குறித்த நேரத்துக்கு வந்தது. மலையில் மழை, சாலையில் வெள்ளம் என்ற சாக்குகள் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இருக்கலாம், டாட்டாவின் விமானத்துக்கு இல்லை என்று பேர் வந்தது. முதல் வருஷத்தில் விமானங்கள் பறந்த தூரம் 1,60,000 மைல். பிரயாணிகள் 155 பேர். ஆம், வருஷம் முழுவதற்கும் 155 பேர்தான்! அந்தச் சின்ன விமானத்தில் தபால் மூட்டைக்குத்தான் முதல் மரியாதை. இடம் மிஞ்சினால் பிரயாணி.

வின்சென்ட் 1942-ல் யுத்த காலத்தில் விமானத்தோடு காணாமல் போனார். டாட்டாவுக்குப் பெரிய நஷ்டம் அது. பணத்தில் அல்ல.

மகாராஜா பிறந்தார்

1946-ல் டாட்டாவின் விமானக் கம்பெனி ‘ஏர் இந்தியா’ என்று பெயர் மாறியது. அதே வருஷம் பெரிய தலைப்பாகையும் முறுக்கு மீசையும் வைத்துக் குனிந்து வணங்கும் ‘மகாராஜா’ பிறந்தார். பாபி கூக்கா என்ற கம்பெனி அதிகாரியின் கற்பனை. உமேஷ் ராவ் என்ற ஓவியர் வரைந்தது. முதலில் அது விளம்பரப் படமே அல்ல. விமானத்தில் பிரயாணிகள் குறிப்பு எழுதக் கொடுக்கும் சின்னக் காகிதத் தாளின் மேல் போட்ட பொம்மை.

1948-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி ‘மலபார் பிரின்சஸ்’ என்ற விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. 35 பிரயாணிகள். லண்டனுக்குக் கட்டணம் 1,720 ரூபாய். சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. ராஜாக்களும் கோடீஸ்வரர்களும் பிரயாணம் செய்தார்கள். டாட்டாவும் அதில் இருந்தார். பிரயாணியாக அல்ல, கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் இருப்பது போல!

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனி விமானத்தில் ஏறினாலும் கட்டணம் ஒன்றே. உலக விமானக் கம்பெனிகளின் சங்கம் கூடிக் கட்டணத்தை நிர்ணயிக்கும். எவரும் குறைத்து விற்கக்கூடாது. அப்படியானால் ஒரு பிரயாணி இங்கிலீஷ்காரர் விமானத்தை விட்டு நம் விமானத்தில் ஏன் ஏற வேண்டும்? விலையில் வித்தியாசம் இல்லை. உபசாரத்தில்தான் வித்தியாசம் காட்ட முடியும்.

சங்கம் அதிலும் கை வைத்தது! மலிவு வகுப்புப் பிரயாணிக்கு சாண்ட்விச் மட்டும்தான் கொடுக்கலாம் என்று ஒரு விதி. ஸ்காண்டினேவிய நாட்டுக் கம்பெனி ஒன்று ரொட்டித் துண்டின் மேல் இறைச்சியும் மீனும் குவித்துக் கொடுத்துவிட்டு, இதுவும் சாண்ட்விச்தான் என்றது. அமெரிக்கக் கம்பெனி புகார் செய்தது. சாண்ட்விச் என்றால் என்ன என்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்து விசாரித்தார்கள். அபராதமும் விழுந்தது. இது நடந்தது 1958-ல். அந்த வருஷம் அந்த உலகச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் நம் டாட்டாவேதான்.

டீயா, காப்பியா?

தம் விமானத்தில் ஏறும்போதெல்லாம் டாட்டா குறிப்பு எடுப்பார். ஜெனீவாவிலிருந்து வரும் விமானத்தில் கொடுத்த டீ, நிறத்தில் காப்பிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாதபடி இருக்கிறது என்று எழுதினார். நாற்காலி இன்னும் சற்றுச் சாய வேண்டும் என்று எழுதினார். திரைச் சீலையின் நிறம், கத்தி முள்கரண்டியின் அமைப்பு, பணியாளரின் மீசை, எதுவும் தப்பாது. ஊர் திரும்பியதும் அந்தக் குறிப்பு அதிகாரிகளின் மேஜைக்குப் போய்விடும்.

ஒரு தடவை உயர்ந்த அதிகாரி ஒருவர் அவருடன் பிரயாணம் செய்தார். டாட்டா எழுந்து போனார். வெகு நேரம் வரவில்லை. எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, கக்கூஸ் ஒவ்வொன்றிலும் காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வந்ததாகச் சொன்னார். இன்னொரு முறை கம்பெனிக் கவுண்டரில் தூசி படிந்திருந்தது. யாரையும் திட்டவில்லை. துணியைக் கேட்டு வாங்கி அவரே துடைத்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கு முகம் எப்படி இருந்திருக்கும்!

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஆச்சரியமாக இராது. விருந்தாளி வரும் நாளில் நம் வீட்டுப் பெரியம்மாவும் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கத்தானே செய்கிறாள்?

வீட்டை எடுத்துக்கொண்டார்கள், சாவியைக் கொடுத்தார்கள்

1953-ல் சர்க்கார் எல்லா விமானக் கம்பெனிகளையும் தேச உடைமை ஆக்கியது. தம்மைக் கலந்து ஆலோசிக்காமலே முடிவு செய்துவிட்டார்கள் என்று டாட்டாவுக்கு மிகுந்த வருத்தம். பிரதமர் நேருவிடம் அதை மறைக்கவும் இல்லை. அது அப்படிப்பட்ட காலம். இரண்டு வருஷம் கழித்து, 1955 ஜனவரியில், நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தைச் செய்தது. பெரிய தொழில்கள் சர்க்கார் கையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று நாடெங்கும் இருந்தது.

கம்பெனியை எடுத்துக்கொண்ட சர்க்கார், அதன் தலைவராக நீங்களே இருங்கள் என்று கேட்டது. கோபித்துக்கொண்டு விலகியிருக்கலாம். அவர் ஒப்புக்கொண்டார். சம்பளம் வாங்காமல் 25 வருஷம் அந்த வேலையைச் செய்தார். என் அபிப்பிராயத்தில், அவர் வாழ்க்கையில் மிகக் கடினமான முடிவு இதுதான். தான் கட்டிய வீட்டில் தானே காரியஸ்தராக இருப்பது எல்லோராலும் முடிகிற காரியமா?

1960-ல் ஏர் இந்தியாவுக்கு போயிங் 707 ஜெட் விமானம் வந்தது. 1962-ல், ஒரு பழைய விமானம் கூட இல்லாமல் முழுவதும் ஜெட் விமானங்களையே ஓட்டிய உலகின் முதல் கம்பெனி என்று பெயர் எடுத்தது. 1971-ல் ஜம்போ ஜெட் வந்தபோது, ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தான் அரண்மனைச் சாளரம் போலச் சித்திரம் தீட்டினார்கள். மாடிப் படி ஏறினால் முதல் வகுப்புக்காரர்கள் உட்கார்ந்து பேச ஒரு கூடம்.

முதல் வகுப்புக்குக் கொடுத்த பரிசுகளில் ஒன்று வேடிக்கையானது. 1967-ல் சால்வடார் டாலி என்ற உலகப் புகழ் பெற்ற ஸ்பெயின் ஓவியரைக் கொண்டு ஒரு சாம்பல் கிண்ணம் வடிவமைத்தார்கள். விமானத்தில் சிகரெட் பிடிக்க அனுமதித்த காலம் அது. கூலியாக ஓவியர் பணம் கேட்கவில்லை. யானைக் குட்டி கேட்டார்! பெங்களூரிலிருந்து ஒரு குட்டி யானையை விமானத்தில் ஏற்றி அனுப்பி வைத்தார்கள்.

1978

1978-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி இரவு, பம்பாயிலிருந்து கிளம்பிய ‘எம்பரர் அசோகா’ ஜம்போ விமானம் கடலில் விழுந்தது. அதில் இருந்த 213 பேரும் இறந்தார்கள். அடுத்த மாதம் மொரார்ஜி தேசாய் சர்க்கார் டாட்டாவைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. கடிதம் அவர் கைக்கு வருமுன்பே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. நிர்வாக இயக்குநராக இருந்த அப்புசாமி, இந்த முறை சரியல்ல என்று தம் பதவியையே ராஜிநாமா செய்தார். 1980-ல் இந்திரா காந்தி சர்க்கார் டாட்டாவை மீண்டும் இயக்குநர் குழுவில் சேர்த்தது. ஆனால் தலைவர் நாற்காலி திரும்பி வரவில்லை.

அதே 1978-ல் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. உள்நாட்டு விமானக் கட்டணத்தின் மேல் இருந்த கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எந்த விலைக்கும் டிக்கெட் விற்கலாம். 100 ரூபாய் குறைந்தால் பிரயாணி பக்கத்துக் கம்பெனிக்கு ஓடிவிடுவானே! அவனைக் கட்டிப் போட ஒரு கயிறு வேண்டும். 1981-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி புள்ளிக் கணக்கைத் தொடங்கியது. பறந்த மைலுக்கு ஏற்பப் புள்ளி. புள்ளிக்கு இலவச டிக்கெட். மற்றக் கம்பெனிகளும் அதைப் பின்பற்றின. மலிவு வகுப்பில் கால் நீட்டும் இடம் குறைந்தது. சாப்பாடு சில கம்பெனிகளில் காசுக்கு என்று ஆயிற்று. முன்பு டிக்கெட்டோடு வந்த உபசாரம், இப்போது புள்ளி சேர்த்தவருக்கும் அதிகப் பணம் கொடுத்தவருக்கும் என்று பிரிந்தது.

78 வயதில் ஒரு பிரயாணம்

டாட்டா இந்தக் கணக்குக்கெல்லாம் வெளியே நின்றார். 1982-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி, முதல் தபால் விமானத்தின் 50-வது ஆண்டு நாள். அன்று அவருக்கு வயது 78. ‘லெப்பர்டு மாத்’ என்ற பழைய சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அவரே ஓட்டி வந்தார். அதே ஜுகுவில் இறங்கினார்.

1992-ல் பாரத ரத்னா விருது. 1993-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி ஜெனீவா நகரில் காலமானார். பாரிஸில், பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் மறைந்த மறு வருஷம், 1994-ல், ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து ‘ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ்’ என்ற புள்ளித் திட்டத்தைத் தொடங்கின. தனியார் விமானங்கள் வந்துவிட்ட நேரம் அது. கடன் ஏறி, கம்பெனி தள்ளாடி, கடைசியில் 2022-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி ஏர் இந்தியா மறுபடியும் டாட்டா குடும்பத்துக் கம்பெனியின் கைக்கு வந்தது. எடுத்துக்கொண்டு 69 வருஷம் ஆகியிருந்தது.

2024-ல் புள்ளிக் கணக்கின் முறையை மாற்றினார்கள். முன்பு எவ்வளவு தூரம் பறந்தோம் என்று பார்த்துப் புள்ளி கொடுத்தார்கள். இப்போது எவ்வளவு பணம் கொடுத்தோம் என்று பார்க்கிறார்கள். ஆறு மாதம் முன்னதாக மலிவு டிக்கெட் வாங்கி அமெரிக்கா போய் வரும் ஆவடிப் பாட்டிக்கு இது லாபமா? மைல் எத்தனை ஆயிரம் ஆனாலும், கொடுத்த ரூபாய்க்குத்தான் புள்ளி. உயர்ந்த வகுப்பில் அடிக்கடி போய் வருகிற கம்பெனி அதிகாரிக்குத்தான் கணக்கு வேகமாக ஏறும். பாட்டியின் மகன் விதிகளை ஒரு தடவை படித்துவிட்டு, கெடு முடியுமுன் இருக்கிற புள்ளியைச் செலவு செய்துவிடுவது நல்லது.

2025-ல் அந்தத் திட்டத்தின் பெயரும் மாறியது. புதுப் பெயர் ‘மகாராஜா கிளப்’. 1946-ல் பிரயாணிகளுக்கு இனாமாகக் கொடுத்த காகிதத் தாளின் மேல் குனிந்து நின்றாரே, அதே மகாராஜா.